மேகத்துக்குப் பணம் திரும்பாது

மார்ச் மாதத்தில் இந்த மலைக்கு முகம் கிடையாது.
காலை பத்து மணிக்கே மேகம்
எஸ்கலேட்டர் ஏறி வந்துவிடுகிறது,
டிக்கெட் எடுக்காமல்.

நான் கண்ணாடி துடைப்பவள்.
மொட்டைமாடி விளிம்பைச் சுற்றி
நூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிகள்.
இடுப்பு உயரத்தில் குழந்தைகளின் மூக்கு,
தோள் உயரத்தில் உள்ளங்கைகள்,
அதற்கும் மேலே எப்போதாவது ஒரு நெற்றி.
வெகுநேரம் சாய்ந்து நின்றவர் யாரோ;
அந்த எண்ணெய் வினிகருக்கும் லேசில் மசியாது.
ஹாங்காங்கைப் பார்க்க ஏறி வருகிறவர்கள்
தங்களில் கொஞ்சத்தை ஒட்டிவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.
எட்டு மணி நேரமும் நான் பார்ப்பது
துறைமுகத்தை அல்ல,
அதன்மேல் ஒட்டியிருப்பதை.

இன்று ஒட்டியிருப்பது மட்டும்தான் இருக்கிறது.
கப்பல் இல்லை, கோபுரம் இல்லை,
கைப்பிடிச் சுவருக்கு அப்பால்
காய்ச்சிய அரிசிக் கஞ்சி.
பத்து டாலர் விழுங்கிய தொலைநோக்கி
கஞ்சியையே பெரிதாக்கிக் காட்டுகிறது.

ஹார்பினிலிருந்து வந்த ஒருவர்
டிக்கெட்டை ஆட்டிக்கொண்டு சண்டை போடுகிறார்:
"கடல் எங்கே?"
மேற்பார்வையாளர் ஃபங்
பேசாமல் பலகையைத் தட்டிக் காட்டுகிறார்.
மூன்று மொழியில் எழுதியிருக்கிறது:
மேகத்துக்குப் பணம் திரும்பாது.
"கீழ்த்தளக் கடைகளில் மேகம் இல்லை, போய்ப் பாருங்கள்."
பொய்யில்லை.
கீழே காந்த வில்லையில் துறைமுகம்,
சாவிக்கொத்தில் தொங்கும் ட்ராம்,
என் மூன்று மணி நேரக் கூலிக்கு
ஒரு கிண்ணம் நூடுல்ஸ்.

படக் கடையில் சுவர் அகலத்துக்கு
அச்சடித்த துறைமுகம் உண்டு.
அங்கே எப்போதும் இரவு எட்டு மணி.
எல்லா விளக்கும் எரியும். மழை வராது.
அதன்முன் நிற்கவைத்து, சிரிக்கச் சொல்லி
யாவ்-மிங் படம் எடுப்பான்.
மேகம் வந்த நாளில் அவனுக்கு அறுவடை.

வேலைக்குச் சேர்ந்த வாரம்
அந்தப் படத்தில் ஒரு மஞ்சள் பொட்டு கண்டேன்.
கறை என்று நகத்தால் சுரண்டினேன்.
போகவில்லை.
துணியை நனைத்துத் தேய்த்தேன். போகவில்லை.
பிறகு மாடிகளை எண்ணினேன்:
ஷாம் ஷுய் போ, பதினாலாவது மாடி,
இடமிருந்து மூன்றாவது.
என் சமையலறை.

ஒன்பது வருஷத்துக்கு முந்திய படமாம்.
அந்த எட்டு மணிக்கு
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேனோ,
ஆ-லொக்கோடு கரண்ட் பில்லுக்காக
கத்திக்கொண்டிருந்தேனோ தெரியாது.
நடுவில் இப்போது ஒரு ஹோட்டல் எழும்பிவிட்டது.
வெயில் நாளிலும் இங்கிருந்து என் ஜன்னல் தெரியாது.
படத்தில் மட்டும்
அணைக்க மறந்த விளக்கு.

ஹார்பின்காரர் கோபம் ஆறி
மனைவியோடு வந்து நிற்கிறார்.
அவருடைய கம்பளிக் கோட்டின் தோள்
சரியாக என் வீட்டின் மேல்.
"கொஞ்சம் இடப்பக்கம் நகருங்கள்" என்கிறேன்.
அது என் வேலை இல்லை.
யாவ்-மிங் திரும்பிப் பார்க்கிறான்.
மனிதர் நகர்கிறார்.
பளிச்.
இனி ஹார்பினில் ஏதோ ஒரு பிரிட்ஜ் கதவில்
என் வீட்டுக் கரண்ட் எரியும்.

மூன்று மணிக்கு போன்.
பக்கத்து வீட்டு காம் அம்மாள்.
தெற்கிலிருந்து வரும் மழை
முதலில் என்னை நனைக்கும்,
பிறகு படகைப் போல நிதானமாக நீரைக் கடந்து
எங்கள் மூங்கில் கழிகளுக்குப் போகும்.
பார்த்துச் சொல்வேன்,
அவள் இரண்டு வீட்டுத் துணியையும் உள்ளே இழுப்பாள்.
இந்த உயரத்தால்
எங்களுக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

"என்ன சொல்கிறது உன் மலை?"
"ஒன்றும் தெரியவில்லை."
"எனக்கும்தான். மலை இருந்த இடமே காலி.
சுக்-ஹான், நீ அங்கேதானே இருக்கிறாய்?"

துணியைப் பிழிகிறேன்.
கண்ணாடியில் புதிதாக ஒரு கை,
ஐந்து விரலும் ஈரமாக,
இன்னும் சூடு ஆறாமல்.

"இருக்கிறேன்.
எதற்கும் எடுத்துவிடு.
சட்டைகளை மட்டுமாவது."